ஃபைபர் உடம்பு, இரும்பு எலும்பு: லோட்டஸ் கார்களைச் செய்த காலின் சாப்மன் கதை

கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழிக் கரையில் நின்றால் கண்ணில் படுவது பெரும்பாலும் ஃபைபர் போட்தான். ஒரு காலத்தில் இங்கே கட்டுமரமும் மரப்படகும்தான் ஓடின. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகு பரவிவிட்டது. காரணம் எளிது. எடை குறைவு, உப்புத் தண்ணியில் துருப்பிடிக்காது, உடைந்தால் கரையிலேயே வைத்து ஒட்டிவிடலாம்.

ஏறக்குறைய இதே காரணங்களுக்காக 1950களிலேயே ஒரு முழுக் காரையும் ஃபைபரில் வார்த்துக் காட்டினார் ஓர் ஆங்கிலேயர். பெயர் காலின் சாப்மன். அவர் தொடங்கிய கம்பெனிதான் லோட்டஸ். ஃபார்முலா ஒன் பந்தயத்தை அடியோடு மாற்றியவர்களில் ஒருவர் என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

ஆனால் அவருடைய ரோட்டுக் கார்களில் ஒரு சங்கதி உண்டு. வெளியே தெரியும் உடம்பு துருப்பிடிக்காது. அந்த உடம்புக்குள்ளே மறைந்திருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் புதுசு, உள்ளே போனால் பொத்தல். பழைய லோட்டஸை வாங்கி ரெஸ்டோர் செய்கிறவர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுவது இதோடுதான்.

யார் இந்த சாப்மன்? ஏன் இப்படி ஒரு காரைச் செய்தார்? அதைப் பழுது பார்ப்பது எப்படி?

செகண்ட் ஹேண்ட் கார் வியாபாரி

அந்தோணி காலின் புரூஸ் சாப்மன் 1928 மே 19 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். அப்பா வட லண்டனின் ஹார்ன்சி பகுதியில் ரயில்வே ஹோட்டல் என்ற விடுதியை நடத்தினார். பையன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தார். படிக்கிறபோதே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

பாக்கெட் மணிக்காகப் படிப்போடு சேர்த்துப் பழைய கார் வாங்கி விற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம் என்பதால் புதுக் கார் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய கார்கள் நல்ல விலைக்குப் போயின. 1947-ல் பிரிட்டன் அரசு பெட்ரோல் ரேஷனை இறுக்கியதும் வியாபாரம் படுத்துவிட்டது. கையில் விற்காமல் மிஞ்சியது ஓர் ஆஸ்டின் 7.

அந்தக் காரைப் பிரித்தார். காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்தான் பட்டறை. அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் புது உடம்பு கட்டினார். 1948-ல் தயாரான அந்த வண்டிதான் முதல் லோட்டஸ், மார்க் 1. தாமரை என்று ஏன் பெயர் வைத்தார் என்பதை அவர் கடைசி வரை தெளிவாகச் சொன்னதில்லை. அந்தக் கம்பெனியின் சின்னத்தில் இன்றும் இருக்கிற நான்கு எழுத்துகள் அவர் முழுப் பெயரின் முதலெழுத்துகள்.

படிப்பு முடிந்ததும் விமானப்படையில் கொஞ்ச காலம், பிறகு பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை. ஒரு கட்டடத்திலோ விமானத்திலோ பாரம் எந்த வழியாக இறங்குகிறது, எந்த இடத்தில் உலோகம் தேவை, எங்கே தேவையே இல்லை என்று கணக்குப் போடுவது அவருக்குப் பழகிப்போனது. தேவையில்லாத இடத்தில் ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் கொள்கையாகவே ஆகிவிட்டது.

1952 ஜனவரி 1 அன்று, அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் லோட்டஸ் இன்ஜினியரிங் கம்பெனி தொடங்கியது. முதலீடாக ஹேசல் கொடுத்த கடன் 25 பவுண்டு. இரண்டு வருஷம் கழித்து, 1954-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஏன் கார் விற்காமல் உதிரிப்பாகம் விற்றார்?

அன்றைய பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. சாப்மன் இந்த சந்தைப் பிடித்துக்கொண்டார். மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டத்தை விற்பார். இன்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றை வாங்குபவரே பழைய ஃபோர்டிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். மார்க் 6 இப்படித்தான் சுமார் 100 வண்டிகள் போனது.

1957-ல் வந்த லோட்டஸ் செவனும் அதே பாணிதான். அதன் உரிமை 1973-ல் கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குக் கைமாறியது. அதே வடிவ வண்டியை அவர்கள் இன்றும் செய்கிறார்கள்.

ஃபைபரில் ஒரு முழுக் கார்

ஃபைபர்கிளாஸ் என்பது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த கலவை. கண்ணாடி இழை இழுவையைத் தாங்கும். ரெசின் இழைகளை ஒன்றாகப் பிடித்து வைக்கும். அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்ற பளபளப்பான மேல்பூச்சு, அதன் மேல் கண்ணாடி இழை மேட், அதில் ரெசின் என்று அடுக்கடுக்காகப் போட்டு இறுகியதும் பிரித்து எடுப்பார்கள். கிள்ளையில் ஓடும் படகுக்கும் லோட்டஸுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

கார் உலகத்துக்கு இது அப்போதே புதிதல்ல. 1953-லேயே அமெரிக்காவில் செவர்லே கார்வெட் ஃபைபர் உடம்போடு வந்துவிட்டது. ஆனால் அதில் பாரத்தைத் தாங்கியது கீழே இருந்த இரும்பு சேசிஸ். ஃபைபர் வெறும் சட்டை.

சாப்மன் சேசிஸே வேண்டாம் என்றார். 1957 லண்டன் கார் கண்காட்சியில் அவர் நிறுத்திய லோட்டஸ் எலீட் காரில் பாரம் தாங்கியதே ஃபைபர் கூடுதான். மூன்று பெரிய வார்ப்புகளை ஒன்றோடொன்று ஒட்டி முழு உடம்பையும் உருவாக்கினார்கள். முட்டை ஓடு மாதிரி, ஓடுதான் பலம். எடை சுமார் 500 கிலோ. முதல் வடிவத்தை வரைந்த பீட்டர் கர்வான்-டெய்லர் தொழிலால் கணக்காளர்.

லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் எலீட் தன் பிரிவில் பலமுறை ஜெயித்தது. ஆனால் கல்லா காலி. 1963 வரை செய்தது ஆயிரம் கார் சொச்சம்தான். ஒவ்வொன்றிலும் கம்பெனிக்கு நட்டம் என்பதே பொதுவான கணக்கு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. முழுக்க ஃபைபர் என்று சொன்னாலும், இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் உட்காரும் இடத்தில் ஓர் இரும்புச் சட்டம் வேண்டியிருந்தது. முன் கண்ணாடியைச் சுற்றி ஓர் இரும்பு வளையமும் வைத்தார்கள். இரண்டும் ஃபைபருக்குள்ளேயே புதைத்து ஒட்டப்பட்டவை. தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. அந்த இரும்பைப் பார்க்கவேண்டும் என்றால் ஃபைபரை அறுத்துத்தான் ஆகவேண்டும்.

எலான் வந்தது, இரும்பும் வந்தது

அடுத்த காரில் சாப்மன் கொஞ்சம் இறங்கிவந்தார். 1962-ல் வந்த எலான் காரில் ஃபைபர் உடம்பு உண்டு. அதற்கு அடியில் முதுகெலும்பு போல நடுவில் ஓடும் ஓர் இரும்பு சேசிஸும் உண்டு. மெல்லிய தகட்டை மடித்துப் பற்றவைத்த பெட்டி அது. முன்னும் பின்னும் இரண்டாகப் பிரிந்து இன்ஜினையும் பின் சஸ்பென்ஷனையும் பிடித்துக்கொள்ளும். இந்தக் காரின் வடிவமைப்பை முன்னின்று செய்தவர் ரான் ஹிக்மன். தச்சர்கள் பயன்படுத்தும் வொர்க்மேட் மடக்கு மேசையைப் பின்னாளில் கண்டுபிடித்தவரும் இவரே.

எலானின் எடை ஏறக்குறைய நம்ம மாருதி 800 அளவுதான். ஆனால் இன்ஜின் 1,558 சிசி, 100 குதிரைத்திறனுக்கு மேல். ரோட்டில் அது திரும்புகிற விதத்தைப் பார்த்துத்தான் பல வருஷம் கழித்து ஜப்பானின் மஸ்டா கம்பெனி எம்எக்ஸ்-5 காரை உருவாக்கியது.

எலான் கம்பெனியைக் காப்பாற்றியது. லோட்டஸ் 1966-ல் நார்ஃபோக் பகுதியில் ஹெத்தல் என்ற ஊருக்கு, போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றுக்கு இடம் மாறியது. இன்றும் தொழிற்சாலை அங்கேதான்.

பந்தயத்தில் ஏறுமுகம், கூடவே மரணங்கள்

ரோட்டுக் காரை விற்ற காசு ரேஸுக்குப் போனது. 1960 மொனாக்கோவில் லோட்டஸ் காருக்கு முதல் கிராண்ட் பிரி வெற்றி கிடைத்தது. ஓட்டியவர் ஸ்டிர்லிங் மாஸ். கார் சாப்மனின் சொந்த டீமுடையது இல்லை, ராப் வாக்கர் என்பவர் வாங்கி ஓடவிட்டது.

1962-ல் வந்த லோட்டஸ் 25, ஃபார்முலா ஒன்னில் குழாய்ச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அலுமினியத் தொட்டி போன்ற உடம்பே பாரம் தாங்கும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு எல்லா டீமும் அதைப் பின்பற்றின. ஜிம் கிளார்க் 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன். 1968-ல் கிரஹாம் ஹில், 1970-ல் யோகன் ரிண்ட், 1972-ல் எமர்சன் ஃபிட்டிபால்டி, 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி. கார் தயாரிப்பாளருக்கான உலகப் பட்டம் மட்டும் ஏழு முறை. காருக்கு அடியில் ஓடும் காற்றைக் கொண்டே வண்டியைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் நுட்பத்தில் ஜெயித்துக் காட்டியதும், சிகரெட் கம்பெனியின் நிறத்தைக் காருக்கு அடித்துப் பெரிய அளவில் ஸ்பான்சர் பணத்தை ஃபார்முலா ஒன்னுக்குள் கொண்டுவந்ததும் அவர் டீம்தான்.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. 1960 பெல்ஜியம் பந்தயப் பயிற்சியில் மாஸ் ஓட்டிய லோட்டஸின் சக்கரம் கழன்றது. கால்கள் உடைந்தன. அதே நாளில் மைக் டெய்லர் ஓட்டிய லோட்டஸின் ஸ்டியரிங் தண்டு முறிந்தது. அவருடைய ரேஸ் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. லோட்டஸ் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார்.

1968 ஏப்ரல் 7 அன்று ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் நடந்த பந்தயத்தில் ஜிம் கிளார்க் இறந்தார். சாப்மனுக்கு அவர் டிரைவர் மட்டுமல்ல, நெருங்கிய நண்பர். அந்த இழப்பிலிருந்து அவர் முழுசாக மீளவே இல்லை என்று கூட இருந்தவர்கள் சொல்வதுண்டு.

அடுத்த ஆண்டு ஸ்பெயின் பந்தயத்தில் இறக்கை உடைந்து ரிண்டின் கார் மோதியது. பிழைத்து வந்த ரிண்ட், சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார்கள் போதுமான வேகத்தில் போகின்றன, பலவீனமான பாகங்களுக்குச் சில கிலோ கூடுதலாகச் செலவிட்டாலும் ஜெயிக்கலாம், இந்தக் காரில் நம்பி உட்கார முடியவில்லை என்பதே அதன் சாரம்.

1970 செப்டம்பர் 5 அன்று இத்தாலியின் மோன்சாவில் பயிற்சியின்போது ரிண்ட் இறந்தார். முன் பிரேக்கின் தண்டு முறிந்ததே விபத்தைத் தொடங்கி வைத்தது என்று கருதப்பட்டது. சரியாகப் பொருத்தப்படாத சாலைத் தடுப்பு அதை மரணமாக்கியது. அந்த ஆண்டு அதற்குள் அவர் சேர்த்திருந்த புள்ளிகளை வேறு யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு உலக சாம்பியன் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் வீரர் அவர்தான்.

எடையைக் குறைத்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் சமாளிக்கிற இடைவெளி குறைகிறது. ரேஸ் காரில் அது நொடியில் தெரிந்துவிடும். ரோட்டுக் காரில் தெரிய 20 வருஷம் ஆகும். அதற்குப் பெயர் துரு.

ஃபைபர் காரில் துரு எங்கே பிடிக்கும்?

இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்பு தூவுவார்கள். கடலோர ஊர்களில் காற்றே உப்பு. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு ஊதிக்கொள்ளும் என்பதுதான் இதில் மோசமான விஷயம். சுற்றியிருக்கும் எதையும் அது பிளந்துவிடும்.

எலானில் முதல் இடம் சேசிஸின் முன் குறுக்குச் சட்டம். அதன் முகப்பு விளக்குகள் கண் இமை போல மேலே எழும்பும் வகை. அதற்கு மோட்டார் கிடையாது. இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடமே தூக்கும். அந்த வெற்றிடத்தைச் சேர்த்து வைக்கத் தனித் தொட்டி வைத்தால் எடை கூடுமே? சாப்மனின் ஆட்கள் முன் குறுக்குச் சட்டத்தையே காற்றுப்புகாத தொட்டியாக்கிவிட்டார்கள். ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை. கில்லாடித்தனம்தான். ஆனால் உள்ளுக்குள் துருப்பிடித்து ஊசித் துளை விழுந்தால் வெற்றிடம் கசியும். பல எலான்களில் விளக்கு சரியாக எழும்பாமல் தூங்கி வழிவது சேசிஸ் அழுகுவதன் முதல் அறிகுறியாக இருக்கும்.

இரண்டாவது, சஸ்பென்ஷன் தூண்கள். சேசிஸின் முன் மூலைகளில் உள்ள வடிகால் துளைகள் சேறும் இலையும் அடைத்தால் தண்ணீர் தேங்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடமே இற்றுப்போகும்.

மூன்றாவது, பாபின். போல்ட்டை நேராக ஃபைபரில் முடுக்கினால் துளை கிழியும். அதனால் கதவுக் கீல், சேசிஸ் பிடிப்பு போன்ற இடங்களில் தலை அகலமான உலோகத் துண்டுகளை வார்க்கும்போதே உள்ளே புதைத்தார்கள். போல்ட்டின் இழுவை பரவலாக இறங்க இது அருமையான யோசனை. ஆனால் அந்த இரும்பு துருவேறி ஊதினால் சுற்றியுள்ள ஃபைபர் நட்சத்திரம் போல வெடிக்கும்.

1966-ல் வந்த யூரோப்பா இன்னும் ஒரு படி மேலே. அதன் முதல் தொகுதிக் கார்களில் ஃபைபர் உடம்பை சேசிஸோடு நிரந்தரமாக ஒட்டிவிட்டார்கள். வண்டி விறைப்பாக நின்றது. விபத்தில் சேசிஸ் வளைந்தால் பழுது பார்ப்பவர் பாடு திண்டாட்டம். அடுத்த தொகுதியில் போல்ட்டுக்கு மாறினார்கள்.

பழுது பார்ப்பது எப்படி?

நம்ம ஊர் டிங்கரிங் கடைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. துருப்பிடித்துப் பொத்தலான தகட்டின் மேல் ஃபைபர் மேட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஆறு மாசம் பளபளக்கும். பாலியஸ்டர் ரெசின் இரும்பை நன்றாகப் பற்றாது. விளிம்பில் இடைவெளி விழும். ஈரம் புகுந்து, முன்பைவிட வேகமாக உள்ளே அரிக்கும். துருவை மூடுவது பழுது பார்ப்பது ஆகாது.

அதனால் பழைய லோட்டஸில் முதல் வேலை உடம்பையும் சேசிஸையும் பிரிப்பது. எலான் உடம்பு லேசானது. போல்ட்டுகளைக் கழற்றினால் நாலைந்து பேர் கைபோட்டுத் தூக்கிவிடலாம்.

இரும்புக்கு: சேசிஸை ஒவ்வோர் அங்குலமாகச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், இற்ற தகடு சொத்தென்று சொல்லும். துருவேறிய பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். ஃபைபர் எரியும் என்பதால் உடம்பு மேலே இருக்கும்போது வெல்டிங் கூடவே கூடாது. பிறகு துத்தநாகப் பிரைமர், பெட்டியின் உட்புறத்தில் மெழுகுப் பூச்சு, வடிகால் துளைகளைத் திறந்துவிடுவது.

பெயின்டை எடுக்க: இரும்புக் கார்களுக்குப் பயன்படுத்தும் காட்டமான பெயின்ட் ரிமூவர் ஃபைபருக்கு எமன். அது ரெசினையே தின்றுவிடும். பொறுமையாகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதே வழி. மணல் பீய்ச்சினால் ஜெல்கோட் குழி குழியாகிவிடும்.

விரிசலுக்கு: நட்சத்திர வெடிப்பின் மேல் பட்டி தடவினால் சில மாசத்தில் அதே கோடு மறுபடி எழும். வெடிப்பு முடியும் இடம் வரை கிரைண்டரால் சீவ வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் விளிம்பைச் செங்குத்தாக விடாமல், தடிமனைப் போல சுமார் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகச் சீவுவார்கள். 3 மில்லி தடிமன் என்றால் 36 மில்லி சரிவு. ஏன் இவ்வளவு? ஏற்கெனவே இறுகிய ரெசினோடு புது ரெசின் ஒன்றாகக் கலக்காது, மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள மட்டுமே செய்யும். பரப்பு அதிகமானால் பிடிப்பும் அதிகம். முடிந்தால் உட்புறத்திலும் மேட் போடுவது நல்லது.

ரெசின் கலக்க: ஹார்டனர் பொதுவாக 1 முதல் 2 சதவீதம். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகும், அதனால் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். மேட்டுக்குள் காற்றுக் குமிழி நின்றால் அந்த இடம் பலவீனம்; ரோலரால் உருட்டி வெளியேற்ற வேண்டும். வேலை முடிந்த கையோடு பெயின்ட் அடித்தால், ரெசின் மேலும் சுருங்கி ஒட்டுப்போட்ட இடம் வரைபடம் மாதிரி தெரியும். சில நாள் ஆறவிடுவது அவசியம்.

உயிருக்கு ஆபத்தான விஷயம் ஒன்று. ஹார்டனரையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே ஹார்டனர். அது ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி, கையுறை, ரசாயன வாயுவை வடிகட்டும் மாஸ்க், காற்றோட்டம் நான்கும் கட்டாயம்.

படகு வேலைக்காரர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. படகிலும் இதே மாதிரி ஒளிந்திருக்கும் சிக்கல் உண்டு. இன்ஜின் மாட்டும் பின்பலகையில் ஃபைபருக்கு நடுவே மரமோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாமலே மரம் உளுத்துவிடும்.

சாப்மனும் படகு கட்டினார்

1970களில் சாப்மனே படகுத் தொழிலில் இறங்கினார். மூன்ரேக்கர் உள்ளிட்ட உல்லாசப் படகுக் கம்பெனிகளை வாங்கினார். கையால் மேட் போட்டு ரெசின் தடவுவதில் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், நாற்றமும் அதிகம். அதற்குப் பதிலாக, மூடிய அச்சுக்குள் கண்ணாடி இழையை வைத்து, வெற்றிடத்தின் உதவியோடு ரெசினை உள்ளே செலுத்தும் முறையை அவர் கம்பெனி உருவாக்கியது. உடம்பின் இருபுறமும் வழவழப்பாக வந்தது. 1974 முதல் வந்த லோட்டஸ் கார்களின் உடம்பு இந்த முறையில் ஆனது. படகுத் தொழில் மட்டும் கடைசி வரை கைகொடுக்கவில்லை.

இந்தியாவில் இதன் சாயல்கள் உண்டு. பெங்களூரின் சிபானி கம்பெனி 1982-ல் டால்ஃபின் என்ற ஃபைபர் காரை விற்றது. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரின் வடிவம் அது. எடை குறைவு என்பதால் ரேலி பிரியர்களுக்குப் பிடித்தது. சாதாரணக் குடும்பங்கள் ஃபைபர் உடம்பை நம்பவில்லை. 1983 கடைசியில் மாருதி 800 வந்ததும் ஆட்டம் முடிந்தது. கோவையில் எஸ்.கரிவரதன் அதே மாருதி இன்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஃபைபர் போர்த்தி, ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். பணக்காரர்கள் மட்டுமே ஓட்டிய பந்தயத்தை இளைஞர்கள் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் கோவையின் கரி ரேஸ் டிராக் இருக்கிறது.

கடைசிப் பஞ்சாயத்து

சாப்மனின் கடைசிப் பெரிய வேலை டெலோரியன். அமெரிக்காவின் ஜான் டெலோரியன், பிரிட்டன் அரசின் பணத்தில் பெல்ஃபாஸ்ட் அருகே கார் தொழிற்சாலை கட்டினார். வடிவமைப்பை முழுசாகத் தேற்றித் தரும் பொறுப்பு லோட்டஸுக்கு. வெளியே துருப்பிடிக்காத எவர்சில்வர் தகடு, உள்ளே ஃபைபர், அடியில் லோட்டஸ் பாணி முதுகெலும்பு சேசிஸ்.

1982-ல் டெலோரியன் கம்பெனி திவாலானது. வேலைக்கான கட்டணமாகப் போன 1.7 கோடி டாலருக்கும் மேற்பட்ட பணம், ஜெனிவாவில் இருந்த ஜிபிடி என்ற இடைநிலைக் கம்பெனி வழியாகக் காணாமல் போனது விசாரணையில் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று, 54 வயதில், மாரடைப்பால் சாப்மன் இறந்தார். பத்து வருஷம் கழித்து, அவருடைய நிதிப் பொறுப்பாளர் ஃபிரெட் புஷெல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். சாப்மன் உயிரோடு இருந்து கூண்டில் நின்றிருந்தால் குறைந்தது 10 ஆண்டு கொடுத்திருப்பேன் என்ற பொருளில் நீதிபதி குறிப்பிட்டார். சாப்மன் தரப்பு விளக்கத்தைக் கேட்க வழியில்லாமலே கதை முடிந்தது.

டீம் லோட்டஸ் 1994-ல் ஃபார்முலா ஒன்னை விட்டு விலகியது. கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ், மலேசியாவின் புரோட்டான், 2017-ல் சீனாவின் ஜீலி என்று கைமாறிக்கொண்டே வந்தது.

புது சேசிஸா, பழசா?

இன்று எலானை ரெஸ்டோர் செய்பவர் முன் உள்ள பெரிய முடிவு இதுதான். பழைய சேசிஸை ஒட்டுப்போட்டு வைத்துக்கொண்டால் கார் ஒரிஜினல். சேகரிப்பாளர் மத்தியில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் உட்புறத் துருவை முழுசாக எடுத்துவிட்டோம் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. சக்கரத்தைப் பிடித்திருப்பது அதுதான்.

துத்தநாக முலாம் பூசிய மாற்று சேசிஸ் கிடைக்கிறது. லோட்டஸே 1980 வாக்கில் தன் புதுக் கார்களுக்கு இந்த முலாம் பூசிய சேசிஸுக்கு மாறிவிட்டது. துத்தநாகம் முதலில் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். ரோட்டில் ஓட்டப்போகிற பலரும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இதனால் காரில் கூடும் எடை சில கிலோதான். ரிண்ட் 1969-ல் கடிதம் எழுதிக் கேட்டதும் அந்தச் சில கிலோவைத்தான்.